நான்கு குழாய்களுக்கும் ஒரே அளவு நிலக்கரித் தூள் போகிறதா?

பல ஆண்டுகளுக்கு முன், நிலக்கரித் தூளை எரிக்கும் ஒரு கொதிகலனின் பார்வைத் துளை வழியே பார்த்தபோது, ஒரு மூலையில் மட்டும் சுடர் மங்கிச் சிவந்து எரிந்தது. புகையில் எஞ்சும் ஆக்சிஜன் 3.5 சதவீதம் என்று கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டியதால் யாருக்கும் கவலையில்லை. புகைவழியின் இருபுறமும் தனித்தனியே அளந்தோம். இடப்பக்கம் 1.8, வலப்பக்கம் 5.2. திரையில் தெரிந்தது வெறும் சராசரி! இடப்பக்கச் சுவரில் கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல்) பாளம் பாளமாகப் படிந்த காரணமும் அப்போதுதான் பிடிபட்டது. ஆக்சிஜன் குறைந்தால் சாம்பலின் இரும்பு ஆக்சைடு ஒடுக்கமடைகிறது. சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது.

நிலக்கரியைத் தூளாக்கும் அரவை மில்லிலிருந்து நான்கு குழாய்கள் கொதிகலனின் நான்கு மூலைகளிலுள்ள பர்னர்களுக்கும் (தூளை எரிக்கும் முனைகள்) போகின்றன. நீளம் வெவ்வேறு என்பதால், தடையைச் சமப்படுத்தக் குழாய்க்குள் துளைத்தட்டு (நடுவில் துளையுள்ள தட்டு) பொருத்துகிறோம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸ் அந்தத் தட்டை அரித்துவிடுகிறது. நாங்கள் கழற்றிப் பார்த்த ஒரு தட்டின் துளை, விளிம்பே தெரியாமல் தேய்ந்து கிடந்தது. துளை பெரிதானால் அந்தக் குழாயில் தூள் கூடுதலாகப் போகும்; அந்த மூலையில் ஆக்சிஜன் குறையும்.

நெதர்லாந்தின் எய்மாய்டனில் பன்னாட்டுச் சுடர் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய சோதனைகளில் ஒரே பர்னர், அளந்த தூள், அளந்த காற்று. காற்றைச் சுழற்றிவிட்டால் சூடான வாயு பர்னர் வாய்க்கே திரும்பி வந்து தூளைப் பற்றவைக்கிறது என்பதை அப்படித்தான் நுணுக்கமாக அளந்தார்கள். அந்த முடிவுகளை நம்பி வடிவமைத்த பர்னருக்கு எவ்வளவு தூள் போகிறது என்பதை நாம் அளக்காமலே ஓட்டுகிறோம். இது எனக்குப் பெரும் வருத்தம்.

எரியாத கரி சாம்பலோடு போவது பண நட்டம். உயிருக்கே ஆபத்தானது வேறொன்று. குழாயில் வேகம் விநாடிக்குச் சுமார் 15 மீட்டருக்குக் கீழே இறங்கினால் தூள் அடியில் படிந்து, மெல்லக் கனலத் தொடங்கும். நின்ற மில்லை மீண்டும் ஓட்டும்போது காற்று அதைக் கிளப்பினால் வெடிக்கும். 1906-இல் பிரான்ஸின் கூரியே சுரங்கத்தில் 1,099 பேரைக் கொன்றது இதே நிலக்கரித் தூள்தான்.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு: குழாயின் வெளிப்புறத்தில் பெயின்ட் கருகியிருந்தால் உடனே சொல்லுங்கள். தூளோடு நின்றுவிட்ட மில்லை நீராவி செலுத்தாமல் ஓட்டாதீர்கள். சூடு தணியாமல் கதவைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு குழாயிலும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தூளின் அளவு சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகினால், அடுத்த பராமரிப்பு நிறுத்தத்திலேயே தட்டைக் கழற்றிப் பாருங்கள்.