காருக்குள் தலைவலி, வாந்தி: பனிமலைப் பயணத்தில் குடும்பங்கள் தவறவிடும் அறிகுறிகள்

பனிச்சறுக்குத் தலத்துக்குப் போன குடும்பம் மருத்துவமனைக்கு வந்தது என்றால், கால் முறிந்திருக்கும் அல்லது முட்டி சுளுக்கியிருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். மலையடிவார மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணியாற்றும் எனக்கு எலும்பு முறிவுகள் அவ்வளவு கவலை தருவதில்லை. வலி இருக்கிறது, வீக்கம் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, அதை எவரும் அலட்சியப்படுத்துவதும் இல்லை. நான் அஞ்சுவது, "பின்சீட்டில் இருந்த பிள்ளைக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி எடுத்தான், மலைப்பாதை வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று பெற்றோர் போகிற போக்கில் சொல்லும் வார்த்தைகளுக்குத்தான்.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் பனிமலைப் பயணத்தில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வருவதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு: வளைவுப் பாதையில் ஏற்படும் குமட்டல், உயரத்தால் வரும் மலைநோய், காருக்குள் புகும் கார்பன் மோனாக்சைடு, சறுக்கும்போது தலையில் பட்ட அடி. முதலாவது வண்டி நின்றால் அடங்கிவிடும். இரண்டாவது பொதுவாக ஓய்வில் தணியும், அரிதாக உயிரையும் பறிக்கும். மற்ற இரண்டும் சில மணி நேரத்திலேயே கைமீறிப் போய்விடக்கூடியவை. தொடக்கத்தில் நான்கும் ஒன்றுபோலவே இருப்பதால், எல்லோரும் தமக்குப் பழக்கமான முதல் காரணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்.

வளைவுகளால் வரும் குமட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கே அது அதிகம் வரும். காரில் செல்போனோ புத்தகமோ பார்த்துக்கொண்டிருந்தால் கூடும். தொலைவில் சாலையைப் பார்க்கச் செய்தால் குறையும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வண்டியை ஓட்டுபவருக்கு இந்தக் குமட்டல் அநேகமாக வருவதில்லை. ஆகவே பிள்ளையோடு சேர்ந்து ஓட்டுபவருக்கும் தலை வலிக்கிறது என்றால், பழியைப் பாதையின் மீது போடாமல் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லோரையும் கீழே இறக்க வேண்டும்.

காரணம், கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 முதல் 250 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்வதால், சுவாசிக்கும் காற்றில் சிறிதளவே இருந்தாலும் நேரம் செல்லச் செல்ல அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல், சோர்வு, தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலும் போகலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகச் சுவாசிப்பதால் அவர்களுக்கே அறிகுறிகள் முதலில் தெரியும். கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. தாயின் இரத்தத்திலிருந்து வாயு நீங்கிய பின்னும் கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தில் அது கூடுதல் நேரம் தங்கியிருக்கும்.

சாதாரணமாக ஓடும் காரில் இந்த வாயு சைலன்சர் குழாய் வழியாகப் பின்புறம் வெளியேறிவிடுகிறது. அந்தக் குழாயின் வாயைப் பனி மூடினால் வெளியேற வழியின்றி வண்டிக்கு அடியில் தேங்கி, சில நிமிடங்களிலேயே உள்ளே கசியத் தொடங்கும். பனி மூடுவதற்குப் புயல் வீச வேண்டும் என்பதில்லை. சறுக்குத் தலங்களின் வாகன நிறுத்துமிடங்களில் இயந்திரங்கள் பனியை ஒதுக்கி ஓரத்தில் சுவர்போலக் குவித்து வைத்திருக்கும். அதன் மீது பின்புறமாக வண்டியை ஏற்றி நிறுத்தினாலே போதும், குழாய் அடைபட்டுவிடும். காலையில் தந்தை வண்டியின் மேல் கிடக்கும் பனியை அகற்றிக்கொண்டிருக்க, குளிருமே என்று பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து ஹீட்டரைப் போட்டுவிடுவது எல்லா நாடுகளிலும் நடப்பதுதான். 2016 ஜனவரியில் பனிப்புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இதேபோலத் தந்தை வெளியே பனியை வாரிக்கொண்டிருந்தபோது காருக்குள் இருந்த தாயும் பிள்ளைகளும் உயிரிழந்தனர். முதலில் சைலன்சர் வாயிலுள்ள பனியை நீக்கி, பிறகு வண்டியைச் சுற்றியுள்ள பனியை நீக்கி, கடைசியில்தான் இன்ஜினை இயக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் தங்குமிடத்திலேயே இருக்கட்டும்.

சாலையில் சிக்கிக்கொள்வது இதைவிடக் கடினமான நிலை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைவாசத் தலத்துக்குப் பனி பார்க்கச் சென்ற பயணிகளின் வண்டிகள் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்க, 20-க்கும் மேற்பட்டோர் பனியில் புதைந்த கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். குளிரோடு கார்பன் மோனாக்சைடும் அந்த மரணங்களுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடந்து போகாமல் அதனுள்ளேயே இருக்க வேண்டும் என்பது சரியான அறிவுரைதான், ஆனால் அது பாதி அறிவுரை. மறுபாதி இது: இன்ஜினைத் தொடர்ந்து ஓடவிடாமல் மணிக்குச் சுமார் பத்து நிமிடம் மட்டும் இயக்குங்கள், ஒவ்வொரு முறை இயக்கும் முன்பும் இறங்கிப் போய்ச் சைலன்சர் வாயைச் சுத்தம் செய்யுங்கள், காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி வையுங்கள், பெரியவர்களில் ஒருவராவது விழித்திருங்கள். மீதி ஐம்பது நிமிடத்தைக் கம்பளிகளாலும் ஆளோடு ஆள் ஒட்டி அமர்வதாலும் சமாளிக்கலாம் என்பதால்தான், ஆளுக்கொரு கம்பளியும் ஒரு சிறிய மண்வாரியும் இல்லாமல் மலையேற வேண்டாம் என்று சொல்கிறேன். மின்சாரக் காரில் சைலன்சரே இல்லாததால் தன் வண்டியின் புகை பற்றிய இந்த அச்சம் இல்லை. பேட்டரி தீர்வது பற்றிய அச்சம் வேறு.

கம்பளி என்றதும் நினைவுக்கு வருவதைத் தலைப்பிலிருந்து சற்று விலகியாவது சொல்லிவிடுகிறேன். பஞ்சடைத்த பருமனான கோட்டோடு குழந்தையைப் பாதுகாப்பு இருக்கையில் உட்காரவைத்து வாரை மாட்டினால், வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். மோதலின்போது கோட்டு நசுங்கி, வாருக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி உண்டாகி, குழந்தை நழுவக்கூடும். கோட்டைக் கழற்றி, வாரை மாட்டி, அதன்மேல் கம்பளியைப் போர்த்துவதே முறை.

கார்பன் மோனாக்சைடு நஞ்சேறிய குடும்பங்கள் எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் "சாப்பாட்டில் ஏதோ கோளாறு, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்ற அந்தத் தகவல்தான் எங்களுக்கு முதல் துப்பு. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, எல்லோருக்கும் தலைவலி இருக்கிறது என்றால் உணவைவிட அவர்கள் சுவாசித்த காற்றின் மீதே என் ஐயம் போகும். இது காரில்தான் நடக்கும் என்பதும் இல்லை. தங்கியிருந்த மரவீட்டில் எரிவாயு ஹீட்டரோ கணப்போ சரியாகப் பராமரிக்கப்படாமல் இருந்தாலும் இதுவே நடக்கும். ஆகவே கையடக்கமான கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பெட்டியில் எடுத்துச் செல்வதைத் தேவையற்ற செலவாக நான் கருதுவதில்லை.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறுபவர்கள் இப்போது அதிகம். பலரிடமும் அந்தக் கருவி இருப்பதால், மலையில் தலை வலித்தால் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் வேறுபாடு தெரியாது. ஆள் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் அது 98 என்று காட்டும். இதற்கு நேர்மாறாக, 3,000 மீட்டர் உயரத்தில் நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் விரலில் அதை மாட்டினால் 90-ஐ ஒட்டிய எண் வந்து பெற்றோரைப் பதறவைக்கும். அந்த உயரத்தில் அது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். ஆபத்தில் நிம்மதியும் நலத்தில் பீதியும் தரும் கருவியை வைத்து இந்த நோய்களைப் பிரித்தறிய முயல வேண்டாம். மருத்துவமனையில் நாங்கள் இரத்தத்தை எடுத்துத் தனியாகச் சோதிக்கிறோம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். வெளிக்காற்றில் நின்றதும் தலைவலி தணிந்தது என்று திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்; நினைவாற்றல் குறைவும் நடத்தை மாற்றமும் சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் தோன்றுவதும் உண்டு.

இனி மலைநோய். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையிலுள்ள வால் தொரான்ஸ் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காஷ்மீரின் குல்மார்க் 2,600 மீட்டருக்கு மேல். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் அடிவாரமே 2,900 மீட்டருக்கு மேல். சமவெளியில் காலையில் புறப்பட்ட குடும்பம் மாலைக்குள் அங்கே இருக்கும். உடலோ அந்தக் காற்றுக்குப் பழகச் சில நாட்கள் கேட்கும். சுமார் 2,500 மீட்டருக்கு மேல், சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில், பெரும்பாலும் முதல் இரவில், தலைவலியும் அதனோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் தோன்றும். பேசத் தெரியாத குழந்தை காரணமின்றிச் சிணுங்கும், சாப்பிடாது, விளையாடாது. மேலும் உயரே போகாமல் ஓய்வெடுத்தால் இது ஓரிரு நாளில் சரியாகிவிடும். வழியில் இடைப்பட்ட உயரத்தில் ஓர் இரவு தங்கிப் போனால் வராமலும் இருக்கலாம், ஆனால் விடுமுறை நாட்களை எண்ணி எண்ணிச் செலவிடும் குடும்பங்களிடம் இந்த அறிவுரை எடுபடுவதில்லை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தாலோ மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டிருக்கலாம். அப்போது விடியும்வரை காத்திராமல் கீழே இறங்க வேண்டும், உதவியையும் அழைக்க வேண்டும். சளி பிடித்த குழந்தைகளுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சளியோடு உயரத்துக்கு அழைத்துச் செல்வதை நான் விரும்புவதில்லை.

நான்காவது காரணம் தலையில் பட்ட அடி. 2009 மார்ச் மாதம் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவின் மோன் திராம்ப்ளான் தலத்தில், புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில், ஹெல்மெட் அணியாமல் சறுக்கும்போது விழுந்தார். எழுந்து சாதாரணமாகப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். பிறகு தலைவலி தொடங்கியது. விழுந்த இரண்டு நாட்கள் கழித்து இறந்துவிட்டார். மண்டையோட்டுக்கும் மூளையை மூடிய சவ்வுக்கும் இடையே கசிந்த இரத்தமே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. இவ்வகைக் கசிவில், அடிபட்டவர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் இடைவேளை ஒன்று வரக்கூடும். மாலையில் சறுக்கி முடித்து, பிள்ளையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, நான்கு மணி நேர இரவுப் பயணத்தைத் தொடங்கும் குடும்பத்துக்கு அந்த இடைவேளை காருக்குள்ளேயே கழிந்துவிடும். இருட்டில் தூங்கும் பிள்ளை தூங்குகிறானா மயங்கிக் கிடக்கிறானா என்று எவருக்கும் தெரியாது.

ஆகையால் தலையில் பலமாக அடிபட்டு, அதன்பின் தலைவலியோ வாந்தியோ குழப்பமோ வந்தால், மருத்துவரிடம் காட்டாமல் நீண்ட பயணத்தைத் தொடங்க வேண்டாம். ஹெல்மெட் அணிந்திருந்தான் என்பது இதற்கு விலக்கல்ல. குமட்டலுக்கென்று தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை அப்போது கொடுத்துவிட்டால், எங்களுக்கு மிக முக்கியமான அறிகுறியான தூக்கக் கலக்கத்தையே மறைத்துவிடுகிறீர்கள். சிறிய அடிதான், புறப்படலாம் என்று மருத்துவர் சொன்னாலும், பெரியவர் ஒருவர் பின்சீட்டில் பிள்ளையின் அருகே அமர்ந்து, அவ்வப்போது எழுப்பிப் பெயர் சொல்லிப் பேசவைத்துப் பார்ப்பது நல்லது. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு, மூக்கிலோ காதிலோ நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அருகிலுள்ள மருத்துவமனைக்குத் திருப்புங்கள், வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கு அல்ல.

ஓட்டுபவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தில் தூக்கம் கெடும். அதன்மேல் ஒரு நாள் முழுக்கச் சறுக்கிய களைப்பு. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் கவனத்துக்கு நிகராகக் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படிந்த சாலையில் வண்டி நிற்க உலர்ந்த சாலையைப்போலப் பத்து மடங்கு தூரம் கூடத் தேவைப்படலாம். கடைசி நாளன்று சறுக்காமல், காலையிலேயே கிளம்புங்கள் என்பது என் கருத்து. வீட்டில் சண்டை வரும் என்பதும் தெரியும்.

மலையிலிருந்து இறங்கிச் சமவெளி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு உங்கள் பயணம் தெரியாது. எந்த உயரத்தில் எத்தனை இரவு தங்கினீர்கள், வேறு யாருக்கெல்லாம் தலை வலித்தது, வண்டியோ அறையோ மூடிய நிலையில் ஹீட்டர் எவ்வளவு நேரம் ஓடியது, எவரேனும் விழுந்தார்களா என்பவற்றைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தாழ்வான இடத்துக்கு வந்து பல மணி நேரமாகியும் தலைவலி கூடிக்கொண்டே போனால், உயரம்தான் காரணம் என்ற விளக்கத்தை அவரும் ஏற்க மாட்டார், நீங்களும் ஏற்க வேண்டாம்.