எட்டு யார்டு, எட்டுப் புள்ளி

அமெரிக்கன் ஃபுட்பாலில் பயிற்சியாளர் எடுத்த முடிவு சரியா தப்பா என்பதை ஸ்கோரை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த நொடியில் அவர் கையில் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால்தான் விஷயம் பிடிபடும்.

2021 ஜனவரி 24, லாம்போ மைதானம், ஜெயித்தால் சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டி. டாம்பா பே 31, கிரீன் பே 23. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். பந்து எல்லைக்கோட்டுக்கு எட்டு யார்டு தள்ளி, கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆரன் ராட்ஜர்ஸ் வீசிய மூன்று பாஸும் வீண், நான்காவது டவுன், அதாவது கிடைக்கும் நான்கு முயற்சியில் கடைசி. கிரீன் பே பயிற்சியாளர் மாட் லஃப்ளூர் ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடிக்கச் சொன்னார். 31-26. அப்புறம் பந்து டாம்பா பே குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கையை விட்டுப் போகவே இல்லை.

லஃப்ளூர் பக்கமும் நியாயம் உண்டு. மூன்று முயற்சியில் ஒரு யார்டுகூடக் கிடைக்கவில்லை, கடிகாரத்தை நிறுத்த மூன்று டைம் அவுட்டும் மிச்சம் இருந்தன, ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தால் ஒரே டச் டவுனில் (பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி) ஜெயித்துவிடலாம்.

ஆனால் அந்த மூன்று புள்ளி எதைத் தீர்த்தது? முன்பும் ஒரு டச் டவுன் தேவை, பின்பும் தேவை. பிரேடியைத் தடுத்து நிறுத்தியே ஆக வேண்டும் என்ற ஒரே வழிதான் மிஞ்சியது. உதைக்காமல் துணிந்து ஆடியிருந்தால்? டச் டவுன் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். டச் டவுனுக்குப் பிறகு கூடுதலாக எடுக்கும் இரண்டு புள்ளி முயற்சி ஏறக்குறைய பாதி தடவைதான் பலிக்கும், ஆக ஆட்டம் சமனாக ஆறில் ஒரு வாய்ப்பு. அது பலிக்காவிட்டாலும் 31-29, பிரேடியைத் தடுத்தால் ஒரு ஃபீல்ட் கோலே வெற்றி. டச் டவுனே வராவிட்டாலும், பிரேடி தன் பக்கத்து எட்டு யார்டு மூலையில் மாட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்குவார், டைம் அவுட்களும் அப்படியே இருக்கும். தடுப்பாட்டம் ஜெயித்திருந்தால்கூட நான் இதைத்தான் சொல்வேன்: லஃப்ளூர் ஆடியிருக்க வேண்டும்.

எதிரணிப் பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் அன்று வேறு மாதிரி யோசித்தார். முதல் பாதி முடியச் சில நொடிகள், நான்காவது டவுன், நான்கு யார்டு தேவை. பந்தை உதைத்துக் கொடுத்துவிடாமல் ஆடச் சொன்னார், முதல் டவுன் (புதிதாக நான்கு முயற்சி) கிடைத்தது, அடுத்து ஸ்காட்டி மில்லருக்கு 39 யார்டு டச் டவுன். பாதி நேரத்தில் 21-10.

லஃப்ளூரின் முடிவில் பலர் கவனிக்காத ஒன்று மூன்றாவது டவுன். நான்காவதிலும் ஆடுவோம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால், மூன்றாவதில் பந்தோடு ஓடி நாலைந்து யார்டு எடுத்துக்கொண்டு, கடைசி முயற்சியை எளிதாக்கிக்கொள்ளலாம். ஃபீல்ட் கோல்தான் என்றால் அந்த நாலு யார்டால் பிரயோஜனமே இல்லை. ராட்ஜர்ஸோ நான்கு வாய்ப்பும் கிடைக்கும் என்று நினைத்திருந்ததாகப் பிறகு சொன்னார். ஒரு டவுனில் எந்த உத்தியை ஆடுவது என்பது அடுத்த டவுனில் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது, அதைக் குவார்ட்டர்பேக்கிடம் முதல் டவுனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.