உறையைப் பிரிக்கவே நேரமாகும்: பென்சில்வேனியாவில் அதிபர் தேர்தல் வாக்குகள் எண்ணப்படும் விதம்

“ராத்திரி தூங்கப் போகும்போது ஒருத்தர் முன்னிலை, விடிந்தால் இன்னொருத்தர் கிட்ட வந்துவிட்டார். நடுவில் என்ன செய்தார்கள்?” அமெரிக்க அதிபர் தேர்தல் பேச்சு வரும்போதெல்லாம் பென்சில்வேனியாவைக் காட்டி இந்தக் கேள்வி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. 2020-இலேயே பதில் சொல்லியாகிவிட்டது. அந்தக் கேள்வியோடு அதே படமும் அதே சிவப்பு அம்புக்குறியும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்த மாகாணத்திலேயே குடியிருந்து, குடியுரிமை பெற்று, வாக்கும் போடுகிறவர்களே அதை அனுப்பும்போது பொறுமை போய்விடுகிறது. எனவே இந்த முறை அஞ்சல் வாக்கின் உறையிலிருந்தே தொடங்கலாம்.

2019 அக்டோபரில் வந்த சட்டம் 77, காரணம் எதுவும் சொல்லாமலே எவரும் அஞ்சலில் வாக்களிக்கலாம் என்றது. ஆனால் அந்த உறைகளைத் தேர்தல் நாளன்று காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. ஃப்ளோரிடாவில் வாரக்கணக்கில் முன்பே பிரித்து ஸ்கேன் செய்து வைத்துவிடலாம். பென்சில்வேனியாவில் அதற்கு அனுமதி இல்லை. சாவடிகளும் அதே காலை 7 மணிக்குத்தான் திறக்கின்றன. கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்தின் ஆட்கள் ஒரே நாளில் சாவடிகளையும் கவனிக்க வேண்டும், மலையாகக் குவிந்த உறைகளையும் பிரிக்க வேண்டும்.

ஓர் உறைக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள். வெளியுறையில் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, அந்தப் பெயர் பட்டியலில் உள்ளதா என்று சரிபார்த்து வட்டாரவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு வெளியுறையைக் கிழித்து, உள்ளே இருக்கும் ரகசிய உறையை எடுத்துத் தனியே சேர்ப்பார்கள். எந்த உறை யாருடையது என்று தெரியாமல் கலந்த பின்தான் ரகசிய உறையைத் திறப்பார்கள். மடித்து வந்த சீட்டு மடிப்போடு ஸ்கேனரில் சிக்கிக்கொள்ளும். அதைக் கையால் தட்டையாக்க வேண்டும். காப்பி சிந்திய சீட்டு, கிழிந்த சீட்டு எல்லாம் தனி மேசைக்குப் போகும். கட்சிகளின், வேட்பாளர்களின் பிரதிநிதிகள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு 8 மணிக்கு வாக்குப்பதிவு முடியும்வரை ஒரு எண்கூட வெளியே வரக் கூடாது.

சாவடியில் வேலை சுலபம். வாக்காளரே சீட்டை இயந்திரத்தில் போட்டுவிடுகிறார். 8 மணிக்குப் பிறகு மொத்தக் கணக்கு உடனே கிடைத்துவிடும். ஆகவே முதலில் திரையில் ஏறுவது பெரும்பாலும் சாவடி வாக்கு, பின்னால் வருவது அஞ்சல் வாக்கு.

2020-இல் அஞ்சலில் வாக்களித்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். டிரம்ப் மாதக்கணக்கில் அஞ்சல் வாக்கை எதிர்த்துப் பேசியதால் அவருடைய ஆதரவாளர்கள் நேரில் போனார்கள். அஞ்சல் வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பைடனுக்கு விழுந்தது. தேர்தல் நவம்பர் 3, செவ்வாய். ஒரு கட்டத்தில் டிரம்ப் ஆறு லட்சத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார். அப்போது எண்ணாமல் கிடந்த அஞ்சல் வாக்குகள் சுமார் பதினான்கு லட்சம். அதில் நான்குக்கு மூன்று என்றால் வித்தியாசம் எங்கே போகும் என்பதைப் பள்ளிக் கணக்கே சொல்லிவிடும். சனிக்கிழமை, 7-ஆம் தேதி ஊடகங்கள் பைடனை வெற்றியாளராக அறிவித்தன. இறுதி வித்தியாசம் 80,555.

இது ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்கும் பேச்சு இல்லை. 2024-இலும் காலை 7 மணி விதி அப்படியேதான் இருந்தது. ஆனால் அஞ்சல் வாக்கு குறைவு, பிரிக்கும் இயந்திரங்கள் கூடியிருந்தன, 2022-இன் சட்டம் 88-இன் கீழ் அரசுப் பணம் வாங்கிய கவுண்டிகள் இடைவிடாமல் எண்ணி முடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலையிலேயே டிரம்ப் வென்றது தெரிந்துவிட்டது. வித்தியாசம் 1,20,266.

நம் ஊர்ப் பழக்கம் இங்கே குழப்புகிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்து நாட்கள் கழித்து ஒரே நாளில் எண்ணுவார்கள். தபால் வாக்கில்தான் தொடங்குவார்கள். நடத்துவது ஒரே தேர்தல் ஆணையம். பென்சில்வேனியாவில் 67 கவுண்டிகளும் தனித்தனியாக நடத்துகின்றன, தனித்தனி வேகத்தில் எண்ணுகின்றன. தொலைக்காட்சி அறிவிப்புக்குச் சட்ட மதிப்பு கிடையாது. வித்தியாசம் 0.5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும். கவுண்டிகள் சான்றளித்த பிறகு, மாகாணத்தின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் டிசம்பரில் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் கூடி வாக்களிப்பார்கள். 2020-இல் 20 பேர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் 19. மாகாணத்தில் முந்தியவருக்கே அத்தனை பேரும்.

அந்த வதந்திக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை உங்கள் சொந்த உறைக்குச் செலவிடுங்கள். வாக்கு உண்மையில் காணாமல் போவது அங்கேதான்.

ரகசிய உறை இல்லாமல் வரும் சீட்டை எண்ண மாட்டார்கள். 2020 செப்டம்பரில் மாகாண உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. உள்ளுறையில் பெயர், கிறுக்கல், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். வெளியுறையில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அன்றைய தேதி! பிறந்த தேதியை எழுதி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். தேதி விதி குறித்து வழக்குகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அவை எப்படி முடிந்தாலும் தேதி எழுதியவருக்கு நஷ்டமில்லை.

தபால் முத்திரைத் தேதி செல்லாது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் சீட்டு கவுண்டியின் கைக்கு வந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் தபாலை நம்பாதீர்கள். கவுண்டி அலுவலகத்திலோ அதன் ட்ராப் பாக்ஸிலோ நேரில் போடுங்கள். அஞ்சல் சீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நேரம், தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணி.

நம் குடும்பங்களில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வீட்டில் நாலு பேர் சீட்டையும் அப்பா ஒருவரே எடுத்துக்கொண்டு போய்ப் போடுவார். கூடாது. அவரவர் சீட்டை அவரவரே சேர்க்க வேண்டும். இயலாமை உள்ளவர் மட்டும், உரிய படிவம் நிரப்பி, இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பலாம். மனைவியின் உறையானாலும் இதே விதிதான்.

அஞ்சல் சீட்டு வாங்கிவிட்டு மனம் மாறி சாவடிக்குப் போனால், சீட்டையும் வெளியுறையையும் கொண்டுபோய் ஒப்படையுங்கள், வழக்கம்போல வாக்களிக்கலாம். கையை வீசிக்கொண்டு போனால் ப்ரொவிஷனல் பேலட்தான் (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகச் சீட்டு) கிடைக்கும். அதன் உறையில் கேட்கும் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் தள்ளிவிட வாய்ப்புண்டு.

கிரீன் கார்டு, எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் திரையில் வாக்காளர் பதிவு கேள்வி வந்தால் அவசரத்தில் “ஆம்” அழுத்திவிடாதீர்கள். அங்கே குடியுரிமை இல்லாதவர்களும் தவறுதலாகப் பதிவான கதை 2017-இல் வெளிவந்தது. தெரியாமல் போட்ட ஒரு வாக்கு, பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே முறித்துவிடக்கூடும். தவறுதலாகப் பதிவாகியிருந்தால் வாக்களிக்காமல், முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

அஞ்சல் சீட்டை அனுப்பியவர்கள் அது வந்து சேர்ந்ததா என்று மாகாண இணையதளத்தில் பாருங்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் தகவல் வரும். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். ரத்து என்று காட்டினால் அன்றே கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். ரகசிய உறை விட்டுப்போனவர் சாவடியில் போடும் ப்ரொவிஷனல் வாக்கை எண்ணவேண்டும் என்று 2024 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கும் இரவு 8 மணிக்குள் சாவடி வரிசையில் நின்றிருக்க வேண்டும்.