பிரேக் கட்டையாக இருந்தால் பேடை மாற்றாதீர்கள்

"பிரேக் கட்டையாக இருக்கிறது, பேட் மாற்றிக் கொடுங்கள்." பெடல் மரக்கட்டை போல அமுங்காமல் நின்றால், பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குள் நுழையும்போதே சொல்வது இதுதான். பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்தி நிறுத்தும், தேயும் துண்டு. போன மாதம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் அதையே சொன்னார். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார். வேறு இடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை பேட் மாற்றியிருக்கிறார். கழற்றிய பேடுகளைப் பத்திரமாகப் பையில் கொண்டுவந்திருந்தார், பாதிகூடத் தேயவில்லை.

பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். கல்லைப் போல எதிர்த்து நின்றால் முதல் சந்தேகம் பூஸ்டர் மேல்தான். பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால், கறுப்புச் சட்டியைக் கவிழ்த்தது போல இருக்குமே, அது. உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் தடுப்பு. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஒருபுறம், மிதித்ததும் நுழையும் வெளிக்காற்று மறுபுறம். அந்த அழுத்த வித்தியாசம்தான் நம் காலுக்குத் துணை.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். "சார், எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். பெடல் இறுகியதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள்" என்றேன். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அவருடையது அசையவே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டுப் புது பூஸ்டர் வாங்குகிறார்கள். எஞ்சின் ஓடும்போது, அதிலிருந்து பூஸ்டருக்கு வெற்றிடம் கொண்டுவரும் ஹோஸைப் பூஸ்டர் பக்கம் கழற்றி, அதன் வாயில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். விரலை இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டிய உறிஞ்சல், சும்மா தொட்டுவிட்டுப் போனது. ஹோஸைத் தடவிக்கொண்டே போனால், வளைவின் அடிப்புறத்தில் வெடிப்பு. அந்த வழியாகக் காற்று புகுந்து எஞ்சின் தடுமாறியதை மறைக்க, யாரோ, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐட்லிங் ஸ்குருவைக் கூட்டியும் வைத்திருந்தார்கள்! ஹோஸ் மாற்றும்போது ஒன்று: தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள். உறிஞ்சலில் அது சப்பிப்போகும். வெற்றிடத்துக்கென்று விற்கும் கெட்டியான ஹோஸே வேண்டும்.

ஹோஸும், பூஸ்டரில் உள்ள வெற்றிடம் போய்விடாமல் காக்கும் ஒருவழி வால்வும் சரி, ஆனால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் காலடியில் 'உஸ்' என்று விடாமல் கேட்கிறது, எஞ்சினும் திணறுகிறது என்றால் பூஸ்டருக்குள்தான் கசிவு. உறுதி செய்ய, பெடலை அழுத்தியபடி எஞ்சினை அணைத்து 30 விநாடி காத்திருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் வெற்றிடம் நிற்கவில்லை.

கசிவைக் கண்டுபிடித்த பிறகும் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கிழிந்த பூஸ்டரை மாற்றிக் கொடுத்தேன். சில மாதங்களில் வண்டி அதே குறையோடு திரும்பி வந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை, பிரேக் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைத் தளர்த்தி முன்னால் இழுத்தபோது பின்பக்கம் நனைந்திருந்தது. பின் சீல் வழியாகக் கசிந்த ஆயில் புது பூஸ்டரையும் கெடுத்துவிட்டது. இரண்டாவது பூஸ்டர் என் செலவு. அன்றிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் முதுகைப் பார்க்காமல் பூஸ்டரைத் தொடுவதில்லை.

கசிவு உள்ள காரை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலையில், பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் அணைந்தால், நல்ல பூஸ்டரிலேயே மிச்சமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான். கசியும் பூஸ்டரில் அதுவும் இருக்காது. வழியில் பெடல் திடீரென்று இறுகினால் பிரேக் அறவே போய்விட்டது என்று காலை எடுத்துவிடாதீர்கள். முழு பலத்தையும் கொடுத்து மிதித்தபடி கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.