மாக்மா – பாறைக்குழம்பு

'மாக்மா' கிரேக்கச் சொல். பிசைதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. பழைய வழக்கில் அதற்கும் எரிமலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உடம்பில் பூசும் கெட்டியான களிம்பையே அப்படிச் சொன்னார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் நிலவியலார் அதை நிலத்தடியில் உருகிக் கிடக்கும் குழம்புக்குப் பெயராக்கினார்கள்.

தமிழில் பாறைக்குழம்பு. நாமும் பூசுகிற சந்தனத்தைக் குழம்பு என்றுதானே சொல்கிறோம்! சிலர் 'உருகிய பாறை' என்று எழுதுகிறார்கள், அது போதாது. மாக்மா வெறும் திரவம் அல்ல. உருகலுக்குள் திடப் படிகங்கள் மிதக்கும், நீராவியும் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். காய்த்துண்டுகள் போட்ட குழம்பு மாதிரி, ரசம் அல்ல.

வெளியே வழிந்ததும் அது 'லாவா'. வெசுவியஸ் எரிமலை அடிவாரத்து நேப்பிள்ஸ் பேச்சுவழக்கிலிருந்து பரவிய இத்தாலியச் சொல். இதற்கு எரிமலைக் குழம்பு என்பது பொருந்தும். மாக்மாவுக்கும் அதையே போடுவதுதான் குழப்பம்.

சரி, குழம்பு நீர்த்திருக்கிறதா, கெட்டியா? இதைக் குறிக்கும் சொல் பாகுநிலை. சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்தான்) கூடினால், சூடு குறைந்தால் கெட்டிப்படும். தண்ணீர் கொதிக்கும்போது குமிழிகள் சுலபமாக வெளியேறிவிடும். கேழ்வரகுக் கூழ் கொதித்தால் கையில் தெறிக்கும். எரிமலையிலும் அதே கதைதான். ஹவாயின் கிலாவேயா குழம்பில் சிலிக்கா ஏறக்குறைய 50 விழுக்காடு, சூடு 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயு எளிதில் பிரிய, குழம்பு ஆறாக ஓடும். 2018இல் அது 700க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது, ஆனால் மக்கள் விலகிக்கொள்ள நேரம் இருந்தது. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸில் சிலிக்கா 60 விழுக்காட்டைத் தாண்டும். கெட்டிக் குழம்பு உள்ளே ஏறி, மலையின் வடக்குச் சரிவையே வாரக்கணக்கில் புடைக்க வைத்தது. 1980 மே 18 அன்று நிலநடுக்கத்தில் அந்தச் சரிவு இடிந்து விழ, அழுத்தம் விட்ட வாயு வெடித்தது. மலை சுமார் 400 மீட்டர் குட்டையானது. 57 பேர் இறந்தார்கள்.

ஆறும் வேகம் பாறையிலுள்ள படிக மணிகளின் அளவைத் தீர்மானிக்கும். ஆழத்தில் மெல்ல ஆறினால் கண்ணுக்குத் தெரியும் படிகங்களோடு கிரானைட். அதே கலவை மேலே வந்து சட்டென ஆறினால் நுண்மணி ரையோலைட். வாயு நுரைத்தபடியே உறைந்தால் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். நீர்த்த குழம்பு அடுக்கடுக்காகப் பரவி ஆறியதுதான் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய தக்காணத்துப் பசால்ட். எல்லோராக் குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் நம் பாடநூல்களில் 'தீப்பாறை' என்று பெயர். ஆங்கில 'இக்னியஸ்' சொல்லில் உள்ள, நெருப்பைக் குறிக்கும் லத்தீன் வேரின் நேர் மொழிபெயர்ப்பு அது. எனக்கு 'அனற்பாறை' பிடிக்கும். பூமிக்கடியில் கிடந்தே ஆறிய கிரானைட் தீயை எங்கே கண்டது, அனலைத்தானே கண்டது?