தல்-மி கையெழுத்துப் போட்ட நாள்: கொரியத் தொடர் ஒன்றில் தொழில் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

'ஸ்டார்ட்-அப்' தொடரைப் பார்த்தவர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நாயகி சோ தல்-மிக்கு ஏற்றவர் நாம் தோ-சானா, ஹான் ஜி-பியோங்கா என்பதுதான் வழக்கு. 2020 அக்டோபர் 17 முதல் டிசம்பர் 6 வரை கொரியாவின் டிவிஎன் சேனலில் 16 பகுதிகளாக வந்த தொடர் அது. கம்பெனிப் பத்திரங்களோடு பழகுகிறவர்களுக்கு அதில் நெஞ்சைப் பிசைகிற இடம் வேறு. தல்-மிக்கு ஆசையும் இருந்தது, நேர்மையும் இருந்தது, கூட இருந்தவர்கள் மேல் பாசமும் இருந்தது. அந்தப் பாசத்தில் போட்ட ஒரு கையெழுத்துதான் அவள் கம்பெனியைக் கலைத்தது.

சம்சான் டெக் என்பது தோ-சானும், அவரைப் போலவே பெயர் 'சான்' என்று முடியும் இரண்டு நண்பர்களும் தொடங்கிய கம்பெனி. தல்-மி அதற்குத் தலைமை ஏற்கிறாள். பார்வையற்றவர்களுக்குக் கண்ணாக இருக்கும் 'நூன்கில்' செயலியை உருவாக்குகிறார்கள். அவளுடைய பாட்டிக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் தூண்டுதல். பிறகு டூஸ்டோ என்ற பெரிய நிறுவனம் 300 கோடி வோனுக்குக் கம்பெனியை வாங்குகிறது. அமெரிக்கத் தலைமையகத்தில் 3 வருட வேலையும் உண்டு. எல்லோரும் சேர்ந்து போகப்போகிறோம் என்று கொண்டாடுகிறார்கள். கையெழுத்து ஆன பிறகுதான் தெரிகிறது, அவர்களுக்கு வேண்டியது மூன்று பொறியாளர்கள் மட்டும். தல்-மிக்கும் டிசைனருக்கும் இடமில்லை.

ஆளுக்காகக் கம்பெனியை வாங்கும் இந்த முறைக்குத் தொழிலில் 'அக்வி-ஹயர்' என்று பெயர். இது மோசடி இல்லை, சட்டப்படி சரியான வியாபாரம். விற்பவர் 'கம்பெனியை விற்கிறோம்' என்று நினைக்கிறார், வாங்குபவர் 'மூன்று பேரை எடுக்கிறோம்' என்று நினைக்கிறார். அந்த வித்தியாசம் பேச்சில் வெளியே வராது, பத்திரத்தில் வரும். அதிலும் முதல் பக்கத்தில் வராது. பங்கு விற்பனை ஒப்பந்தத்தின் கடைசியில் 'முக்கியப் பணியாளர்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதை முதலில் பாருங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். பெயர் இல்லாதவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம், அவர்கள் பங்குக்கு அன்றே பணமா, செய்துகொண்டிருக்கும் சேவை தொடருமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இறுதி ஒப்பந்தத்துக்கு முன், முக்கிய நிபந்தனைகளை மட்டும் எழுதிக்கொள்ளும் 'டெர்ம் ஷீட்' கட்டத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். அதில் 'வேறு யாரோடும் பேசமாட்டோம்' என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

விலையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 300 கோடி என்றால் அத்தனையும் பங்குதாரர் கைக்கு வராது. ஒரு பகுதி, வேலையில் நீடித்தால் மட்டும் வருடா வருடம் கிடைக்கும் தொகையாக இருக்கலாம். இன்னொரு பகுதி, பிற்பாடு ஏதாவது கடன் முளைத்தால் ஈடுகட்ட என்று மூன்றாம் நபரிடம் நிறுத்திவைக்கப்படலாம். முதலீட்டாளர் இருந்தால், விற்ற பணத்தில் முதலில் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை பெரும்பாலும் அவருக்கு இருக்கும். ஒரு கணக்குக்கு, அவர் 100 கோடி போட்டு 20 சதவீதம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சாதாரண முன்னுரிமை என்றால் போட்ட 100 கோடி, அல்லது விலையில் 20 சதவீதமான 60 கோடி, எது அதிகமோ அதை எடுப்பார். ஆக 100 கோடி. 'பங்கேற்கும்' முன்னுரிமை என்று எழுதியிருந்தால் 100 கோடியை எடுத்துக்கொண்டு, மீதி 200 கோடியிலும் 20 சதவீதம், அதாவது 40 கோடி, மொத்தம் 140 கோடி எடுப்பார். 80 சதவீதம் வைத்திருக்கும் நிறுவனர்களுக்கு வருவது 160 கோடிதான். ஒரே ஒரு சொல்லுக்கு 40 கோடி.

பங்கு பிரிப்புக் காட்சியைப் பலரும் நண்பர்கள் சண்டையாக மட்டும் பார்த்திருப்பார்கள். எல்லோரும் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று ஏறத்தாழ சமமாகப் பிரிக்கிறார்கள், வழிகாட்டியான ஜி-பியோங் கொதிக்கிறார். அவர் சொல்வது முரட்டுத்தனமாக இருந்தாலும் சரியானது. யாரிடமும் முடிவெடுக்கும் அளவு பங்கு இல்லாத கம்பெனியில் முதலீட்டாளர் பணம் போடத் தயங்குவார். ஆனால் ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் விலகினால் என்ன ஆகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் வெஸ்டிங். மொத்தம் 10,000 பங்கு, ஒருவருக்கு 4,000 என்று வையுங்கள். 48 மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு உரிமையாகும், முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒன்றும் இல்லை. 18-வது மாத முடிவில் விலகினால் 1,500 பங்கு அவருடையது, 2,500 திரும்பி வரும். இப்படி எழுதாவிட்டால் ஊரை விட்டே போனவர் 40 சதவீதத்தோடு போய்விடுவார். கொரியாவில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 'விலகுபவரின் பங்கைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும்' என்று எழுதினால் வேலைக்காகாது. அந்நாட்டு வணிகச் சட்டப்படி, பங்காதாயமாகக் கொடுக்கத்தக்க லாபம் இருக்கும் அளவுக்குத்தான் கம்பெனி தன் பங்கைத் தானே வாங்க முடியும். புதுக் கம்பெனிக்கு ஏது லாபம்? அதனால் மற்ற நிறுவனர்களுக்கு வாங்கும் உரிமை என்று எழுதுவார்கள். எந்த விலைக்கு என்பதையும் அதே பத்தியில் முடித்துவிட வேண்டும்.

தல்-மியின் அக்கா வொன் இன்-ஜேயின் கதை இன்னொரு பாடம். அவள் வளர்த்த நிறுவனத்தின் தலைமையிலிருந்து அவளை இறக்கிவிட்டு, வளர்ப்புத் தந்தை தன் மகனை உட்கார வைக்கிறார். நாடகத்துக்காக ஜோடித்தது என்று தோன்றலாம். ஆனால் கொரியச் சட்டத்தில் ஓர் இயக்குநரை நீக்க, பங்குதாரர் கூட்டத்துக்கு வந்திருக்கும் வாக்குகளில் மூன்றில் இரண்டும் மொத்தப் பங்கில் மூன்றில் ஒன்றும் வேண்டும். தலைமை இயக்குநரை மாற்றுவதற்கு, குழு உள்ள கம்பெனியில் பொதுவாக இயக்குநர் குழுவின் முடிவே போதும். நாற்காலி வேறு, பங்கு வேறு. முதலீடு வாங்கியதால் பங்கு கரைந்துபோன நிறுவனர்களுக்காக 2023 நவம்பர் 17 முதல் அங்கே ஒரு வழி திறந்திருக்கிறது. பட்டியலிடப்படாத வென்ச்சர் நிறுவனங்கள், நிபந்தனைகளோடு, நிறுவனருக்கு ஒரு பங்குக்கு 10 வாக்கு வரை கொடுக்கலாம்.

இனி காதல் விஷயம். ஜி-பியோங் முதலீட்டு நிறுவனத்தின் அதிகாரி, கம்பெனியின் வழிகாட்டி, தல்-மியை நேசிப்பவரும்கூட. நிஜத்தில் இப்படி ஒரு நிலை வந்தால், அந்தக் கம்பெனி பற்றிய முதலீட்டு முடிவிலிருந்து அவர் விலகி நிற்க வேண்டும், காரணத்தைத் தன் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் கெடுவது அவர் பெயர் மட்டும் இல்லை, 'வேண்டியவர் என்பதால் பணம் கிடைத்தது' என்ற பேச்சு தல்-மியின் உழைப்பின் மேல் விழும். எனக்கு ஜி-பியோங் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் சிறுவயதில் தல்-மிக்குத் தோ-சான் பெயரில் வந்த கடிதங்களை எழுதியது தான்தான் என்ற உண்மையை அவர் அத்தனை நாள் மூடிவைத்தது அந்தக் கம்பெனியின் அஸ்திவாரத்தில் விழுந்த விரிசல் என்றே சொல்வேன்.

தோ-சானும் தல்-மியும் போல நிறுவனர்களே ஜோடியாக இருந்தால், இருவரின் பங்கும் தனித்தனிப் பெயரில், தனித்தனி வெஸ்டிங்கோடு இருக்கட்டும். இருவர் வாக்கும் ஒன்றாகவே விழும் என்று மற்ற கூட்டாளிகள் பயப்படுவது நியாயம். அதனால் ஒருவருடைய சம்பளம், பங்கு பற்றிய தீர்மானத்தில் மற்றவர் வாக்களிக்கக் கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிந்தால் யார் இருப்பது, யார் போவது என்ற பத்தியை மனம் நன்றாக இருக்கும் காலத்தில் அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம்.

கொரியாவில் முக்கியமான ஒப்பந்தங்களில் கையெழுத்தோடு முத்திரையும் குத்துவார்கள். ஒரு தாளை மடித்து அடுத்த தாளோடு சேர்த்து, இரண்டிலும் பாதிப் பாதி விழும்படி சிவப்பு முத்திரை பதிப்பார்கள். நடுவில் யாரும் பக்கத்தை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. இதற்கு 'கானின்' என்று பெயர். நாற்பது பக்கப் பத்திரத்தில் அது நிதானமாக நடக்கும் வேலை. பெயர்ப் பட்டியல் உள்ள அந்தக் கடைசி இணைப்பும் அப்போது உங்கள் விரலுக்கடியில் வரும்.