ஸ்டீரியோடைப்: ஈயத்தில் வார்த்த சொல்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காதில் விழுந்தவை இவை. அலை செருப்பை இழுத்துக்கொண்டு போனதற்கு அழுத பையனிடம்: "ஆம்பளப் புள்ள, இதுக்குப் போய் அழுவுறியா?" சற்று நேரத்தில் அவன் அக்காவிடம்: "பொம்பளப் புள்ள மாதிரி இருடீ." இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 'ஜெண்டர் ஸ்டீரியோடைப்' என்கிறோம்.

ஸ்டீரியோடைப் அச்சகத்தில் பிறந்த சொல். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' கெட்டியானது. 'டைப்போஸ்' பதிந்த தடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் அச்சகர் ஃபிர்மேன் திதோ இரண்டையும் ஒட்டவைத்தார். (பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்கள் 'ஸ்தெரெயோதீப்' என்பார்கள்.) ஈய எழுத்துகளைக் கோத்த பக்கத்தின்மேல் வார்ப்பச்சு எடுத்து, அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றினால் பக்கம் முழுவதும் ஒரே தகடாகிவிடும். கோத்த பக்கத்தில் பிழை கண்டால் அந்த ஓர் எழுத்தைப் பிடுங்கி வேறு செருகலாம். தகட்டில் அது அவ்வளவு எளிதல்ல. ஆயிரம் படி அடித்தால் ஆயிரத்திலும் அதே பிழை. 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இந்தச் சொல்லை மனத்துக்கு மாற்றினார்: ஆளைப் பார்க்கும் முன்பே தலைக்குள் தயாராக இருக்கும் படம்.

தமிழில் 'படிவார்ப்பு', 'ஒரே மாதிரிக் கருத்து' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பின்னதில் ஈயத்தின் இறுக்கம் இல்லை. 'வார்ப்புரு' பொருத்தம்தான், ஆனால் கணினிக்காரர்கள் அதை டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். என் தேர்வு 'வார்ப்பெண்ணம்'. ஆகவே 'பாலின வார்ப்பெண்ணம்'.

'பால்' என்றால் பகுப்பு. தொல்காப்பியம் சொல்லும் பால் ஐந்து: ஆண், பெண், பலர், ஒன்றன், பல. வேடிக்கை என்னவென்றால், குழந்தையை நம் இலக்கணம் இந்த ஆண், பெண் பகுப்புக்குள் அவசரமாகத் தள்ளவில்லை. குழவி, மகவு ஆகியவை உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயல். இன்றும் 'குழந்தை அழுதது' என்றுதான் சொல்கிறோம். அழுதானும் இல்லை, அழுதாளும் இல்லை. 'புள்ள' என்ற சொல்லும் அப்படியே. ஆம்பள, பொம்பள என்று முன்னால் ஒட்டினால்தான் பிரிகிறது, ஒட்டுவது நாம்.

பிள்ளைத்தமிழிலும் காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரியும். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் பெண்பிள்ளைகள் மணல்வீடு கட்டுவார்கள், பாட்டுடைத் தலைவனான பையன் காலால் சிதைப்பான், அவர்கள் கெஞ்சுவார்கள். பாட்டாகக் கேட்க இனிமைதான். ஆனால் கட்டுவது அவள், உடைப்பது அவன் என்பது அன்றே தகடாகிவிட்டது.

தேவனாம்பட்டினத்தில் அந்த அக்காவுக்கு வசவு விழுந்ததும் ஒரு மணல்வீட்டால்தான். கட்டியவன் தம்பி, மிதித்துவிட்டு ஓடியவள் அவள்.